ரோட்டுப் பக்கம் வந்த வண்டி

லெஷெக் தன் ஐம்பது வயதுக்குள் ஒழுங்காகச் செய்து முடித்த காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு டாங்கி கட்டினான். டாங்கி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது செப்டம்பரில் ஜெர்மன்காரன் எங்கள் போலந்துக்குள் நுழைந்தபோது நம் படையிடம் இருந்த குட்டி டாங்கி. இரண்டு பேர் முழங்காலை மடக்கி உள்ளே உட்காரலாம். பக்கத்தில் நின்றால் மேல் மூடி லெஷெக்கின் நெஞ்சுக்கு வரும். சங்கிலிப் பட்டையில் ஓடும், முன்னால் ஒரு மெஷின்கன் நீட்டிக்கொண்டிருக்கும், பீரங்கிக் குண்டு பட்டால் தகர டப்பாவாகக் கிழியும். அதைத்தான் அவன் பால் லாரி ஓட்டிய சம்பளத்தில், வீட்டுக் கொட்டகையில், நான்கு குளிர்காலம் உட்கார்ந்து கட்டினான்.

ஏன் கட்டினான் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் அவனுடைய தாத்தா, அம்மாவைப் பெற்றவர், ஆற்றோரம் மாவு மில் வைத்திருந்தார். ஜெர்மன்காரன் வந்து, 'நானும் ஜெர்மன் வம்சம்தான்' என்று எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொன்னான். போடாதவர்களை மூட்டை முடிச்சோடு விரட்டினான். சிலரைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுட்டான். தாத்தா போட்டார். ஊரில் பாதிப் பேர் போட்டார்கள். சண்டை முடிந்ததும் போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டு நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். எடையில் கை வைக்கிறான் என்று மில்காரன் மேல் எல்லாருக்கும் ஏற்கெனவே எரிச்சல். அதனால் பெயர் அவர் வீட்டுக்குப் போயிற்று. ஜெர்மன்காரன் வீடு. மில் இடிந்து, தாத்தா செத்து, கம்யூனிஸ்டு ஆட்சி வந்து போய், பெயர் மட்டும் அசையாமல் இருந்தது.

அவன் அம்மா கெர்த்ரூதாவுக்கு அப்போது பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். கிழவியான பிறகும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் நிரம்பி வழியும், ஆண்கள் சுவரோரம் நிற்பார்கள், அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடம் காலியாகக் கிடக்கும். யாரும் அவளைத் திட்டியதில்லை. பார்த்தால் தலையாட்டுவார்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள், அது ஒன்றுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எப்போதோ ஆறிப்போயிருக்கும்.

லெஷெக்கைப் பள்ளிக்கூடத்தில் 'ஷ்வாப்' என்று கூப்பிட்டார்கள். ஜெர்மன்காரனை நாங்கள் வையும் சொல் அது. அவன் அதற்குச் சிரித்துப் பழகிவிட்டான். அம்மாவைப் பார்க்கும்போதுதான் அவனுக்கு வயிறு எரியும். அவள் சாவதற்குள் ஒரே ஒரு தடவையாவது யாராவது அவள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒவ்வொரு செப்டம்பரும் ஆற்றங்கரைப் புல்வெளியில் அந்தச் சண்டையை மறுபடி நடத்துவது எங்கள் ஊர் வழக்கம். நிஜத்தில் அரை நாளில் தோற்ற சண்டை. புல்வெளியில் வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம். பிர்ச் மரத் தோப்புப் பக்கமிருந்து நம் ஆட்கள் வருவார்கள். ரோட்டுப் பக்கமிருந்து ஜெர்மன்காரர்கள் வருவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு வந்து கயிற்றுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, பட்டாணி சூப்பும் ரொட்டியுமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மன் வேஷம் போட ஊரில் ஒருவனும் சம்மதிக்க மாட்டான். அதனால் வண்டியும் உடுப்பும் வைத்திருக்கும் ஒரு கூட்டத்தை நகரத்திலிருந்து டீசலும் பீரும் கொடுத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நடத்துகிறவர் ஸரெம்பா. மருந்துக்கடைக்காரர். வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் குதிரைப்படைக் கேப்டன். சட்டைப் பொத்தான் முப்பத்தொன்பதாம் வருஷத்துப் பொத்தானாக இல்லை என்றால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். லெஷெக் வருஷா வருஷம் போய்க் கேட்டான். ஸரெம்பா வருஷா வருஷம் அவனைக் கார் நிறுத்துகிற இடத்தில் கொடி ஆட்ட வைத்தார். கடைசியில் ஒரு தடவை, மருந்துக்கடையில் ஆட்கள் இருக்கும்போதே சொன்னார்.

"வண்டியோட வாங்க, பான் லெஷெக். சங்கிலிப் பட்டை வண்டி. அப்படி வர்றவரை நான் வெளிய நிறுத்த மாட்டேன். உங்க வண்டியில உங்களயே உக்கார வைக்கிறேன். இது என் வார்த்தை."

மருத்துவரையும் பாதிரியாரையும் தவிர எங்கள் ஊரில் யாரும் லெஷெக்கைப் 'பான்' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அவன் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போனான்.

கையில் காசில்லாமல் டாங்கி கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. இஞ்சினும் கியர்பெட்டியும் பழைய ஃபியட் கார் ஒன்றிலிருந்து வந்தன. பின் அச்சு கோழிப்பண்ணைக்காரன் தூக்கிப்போட்ட வேனுடையது. நிஜ வண்டியில் இருந்த கனத்த இரும்புக்கு இவன் எங்கே போவான்? தானியக் கிடங்கைப் பிரித்தபோது கிடைத்த தகட்டை வெட்டிப் பற்றவைத்து, மேலே லாட ஆணித் தலைகளை வரிசையாக ஒட்டி ரிவிட் என்று பெயர் வைத்தான். உயிரை எடுத்தது சங்கிலிப் பட்டைதான். ஒவ்வொரு கண்ணியையும் கையால் அறுத்து, துளை போட்டு, இரும்பு முளை கோத்து, பட்டை ஓடுகிறதா என்று பார்த்தால் இரண்டாவது வளைவில் கழன்று விழும். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது குளிர்காலத்தில் அவன் மனைவி இங்கிலாந்துக்கு வீடு துடைக்கிற வேலைக்குப் போனாள், திரும்பவில்லை. அந்த வாரம்தான் பட்டை முதல்முறையாகக் கழலாமல் ஓடியது. எதற்கு அழுதான் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

கூட இருந்தது மிரெக். கசாப்புக் கடைக்காரன், லெஷெக்குக்கு இருந்த ஒரே சிநேகிதன், அதாவது அவன் வீட்டுப் பீரைக் குடிக்கிறவன். எல்லாருக்கும் கிடைக்கிற படங்களில் இந்த வண்டியின் மூக்கு மட்டும்தான் தெரியும். பக்கமும் பின்புறமும் துல்லியமாகத் தெரிகிற ஒரு பழைய படத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்ததே மிரெக்தான். லெஷெக் பூதக்கண்ணாடி வைத்து அதில் ரிவிட் ரிவிட்டாக எண்ணினான். படத்தில் பின்னால் ஒரு இழுவைக் கொக்கி இருந்தது, இவனும் வைத்தான். இடது பக்கம் ஒரு பெட்டி இருந்தது, அதையும் வைத்தான்.

"ரெண்டு பேரு உள்ள உக்காந்தா மூச்சு முட்டுமேடா. என் வயித்தை எங்க வைக்கிறது?" என்பான் மிரெக்.

"கடையில தொங்கவிட்டுட்டு வா. வித்துப் போகும்."

"சரி. நான் வயித்தை விட்டுட்டு வர்றேன், நீ பூண்டு திங்காம வா."

கொட்டகைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர். கெர்த்ரூதாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கை நீட்டுகிற தூரத்துக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். ஆனால் காது கூர்மை. இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதில் ஒரு கோளாறு நிலைத்துவிட்டது. நாலு சுற்று ஒழுங்காக ஓடும், பிறகு ஒரு இருமல். லெஷெக் என்னென்னவோ செய்து பார்த்தும் அது போகவில்லை.

"விடு லேஷூ, இருமிட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா. "நூறு வண்டிக்கு நடுவுல விட்டாலும் உன் வண்டி எதுன்னு சொல்லிடுவேன்."

டாங்கிப் படை உடுப்பை அவள்தான் தைத்தாள். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, காலரில் கறுப்பும் ஆரஞ்சுமாக முக்கோணத் துணி. கண் தெரியாதவள் விரலால் தடவித் தடவி ஊசி போட்டாள், விரலெல்லாம் பொத்தல். தைத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, மாதாகோவில் வாசலில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னாள். "இந்த வருஷம் என் பையன் நம்ம படையில வர்றான். டாங்கி ஓட்டுறான்." பக்கத்து வீட்டுப் பெலாகியா, எங்கள் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கண்ணும் காதும் வாயுமாக இருப்பவள், "அப்படியா, பாக்கலாம்," என்றாள். அந்த வாசலில் கெர்த்ரூதாவுக்குக் கிடைத்த மிக நீளமான பதில் அதுதான்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு ஸரெம்பா வண்டியைப் பார்க்க வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், தட்டினார், பட்டையை விரலால் சுண்டினார். லெஷெக் கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"பிரமாதம், பான் லெஷெக். நான் எதிர்பார்த்ததை விட நல்லா வந்திருக்கு."

லெஷெக்குக்குக் காது வரை சிவந்துபோயிற்று.

"இந்தக் கொக்கி எதுக்கு?"

"படத்துல இருந்துச்சு, பான் கேப்டன். பெட்டியும் இருந்துச்சு. அளவு பிசகாம வச்சிருக்கேன்."

"நம்ம படையில இந்த வண்டிக்குக் கொக்கி கிடையாது, பெட்டியும் கிடையாது. ஜெர்மன்காரன் நம்மகிட்ட இருந்து பிடிச்சுக்கிட்டுப் போன வண்டியில, விமானம் இழுக்குறதுக்காக அவன் மாட்டினது இதெல்லாம்." ஸரெம்பா மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "நீங்க கட்டினது நம்ம வண்டி இல்ல. அவன் கைக்குப் போன வண்டி."

"கிரைண்டர் இருக்கு. இப்பவே அறுத்துடுறேன்."

"எதுக்கு அறுக்கணும்? சிட்டி ஆளுங்க இந்த வருஷம் வர மாட்டானுங்களாம். பீரு பத்தாதாம், ஹோட்டல் ரூம் கேக்குறானுங்க. எனக்கு ஜெர்மன் வண்டி ஒண்ணு வேணும். இதோ நிக்குது."

லெஷெக் கை துடைத்த துணியைக் கீழே வைத்தான். "நான் நம்ம பக்கம் வர்றதுக்காகக் கட்டினேன், பான் கேப்டன்."

"தெரியும். நாடகம்தானே. யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் நின்னாத்தானே நாம சுட முடியும்."

"அந்தப் படம் முப்பத்தொன்பது செப்டம்பர் படமே இல்லையே. அப்புறம் பிடிச்ச வண்டின்னு நீங்களே சொல்றீங்க. அந்தச் சண்டையில இது எப்படி…"

"ஜனங்களுக்கு என்ன தெரியும்? வெள்ளைச் சிலுவை போட்டிருந்தா ஜெர்மன் வண்டி." பொத்தானுக்காக ஆளைத் துரத்துகிற மனுஷன் சொன்ன வார்த்தை இது.

"அப்ப வண்டியை எடுத்துக்கோங்க. வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. நான் வழக்கம்போலக் கார் நிறுத்துற இடத்துல நின்னுக்குறேன்."

"அது எப்படி? நான் வார்த்தை குடுத்திருக்கேன். உங்க வண்டியில உங்களத்தான் உக்கார வைப்பேன்."

அவர் தன் காரின் பின்கதவைத் திறந்து, சாம்பல் நிற ஜெர்மன் உடுப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார். புது உடுப்பு. லெஷெக்கின் தோளில் வைத்துப் பார்த்தார். தைத்துப் போட்ட மாதிரி பொருந்தியது. தைத்துத்தான் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் லெஷெக் அளவுக்கு அகலத் தோள் வேறு யாருக்கும் கிடையாது. இந்தத் துணியைத் தையல்காரனிடம் கொடுத்தபோது நகரத்து ஆட்கள் வருவதாகத்தானே இருந்தது என்று அவன் மெதுவாக யோசிக்க ஆரம்பித்தான்.

யோசித்தபடியே நேராகக் கசாப்புக் கடைக்குப் போனான். மிரெக் பன்றித் தொடையை எலும்பு நீக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தப் படத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா நம்புவியா?" என்று அவனே ஆரம்பித்தான்.

"மாட்டேன்."

"அப்ப சொல்லிடுறேன். கேப்டன்தான் குடுத்தாரு. கீழ எழுதியிருந்ததை வெட்டிட்டுக் குடுன்னாரு. வருஷா வருஷம் சிட்டிக்காரனுக்கு அழ முடியல, நம்ம ஊர்ல ஜெர்மன் வண்டி கட்ட ஒரே ஒரு வீடுதான் இருக்கு, ஆனா தெரிஞ்சா அவனும் கட்ட மாட்டான், தெரியாமயே கட்டட்டும்னாரு."

"நாலு வருஷம், மிரெக்."

"நானும்தான்டா நாலு வருஷம் உன் வெல்டிங் புகையை முழுங்கினேன். சும்மாவா?"

லெஷெக் கத்தியைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்குள் தொங்கிய சாஸேஜ்களைப் பார்த்தான். "நீ என் கூட உள்ள வருவியா?"

"நானா? எங்க தாத்தாவைக் காட்டுல வச்சுச் சுட்டவனுங்கடா. அந்தச் சட்டையைப் போட்டா எங்கம்மா என்னைப் படியேற விட மாட்டா." மிரெக் கத்தியைத் துணியில் துடைத்தான். "டாங்கியைச் சுடுற பெரிய துப்பாக்கியை எனக்குக் குடுத்திருக்காரு. உன்னை நான்தான் சுடுறேன். வேற எவனாவது சுட்டா நல்லா இருக்காதுல்ல."

போகாமல் இருந்திருக்கலாம். வண்டியைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். ஆனால் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வண்டி வராவிட்டால் பெலாகியா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் வாசலில் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் போட்ட கணக்கு இதுதான். அம்மாவுக்குச் சிலுவை தெரியாது, உடுப்பு தெரியாது. இருமுகிற இஞ்சின் கேட்கும். கேட்டால் போதும், அவள் கையைத் தட்டுவாள், வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வாள். மற்றவர்கள் கண்டிப்பாகச் சிரிப்பார்கள் என்பதை அவன் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சிரிப்பு பழகிப்போனவனுக்கு அது கணக்கிலேயே வராது.

சிலுவையைத் தன் கையாலேயே வரைந்தான். வேறு யாரையாவது விட்டால் கோணலாக வரைந்து வண்டியை நாசம் பண்ணிவிடுவார்கள் என்று பயம். இப்படியும் ஒரு கிறுக்கு.

அன்றைக்கு நல்ல வெயில். காலையில் அம்மா தைத்த கறுப்பு உடுப்போடு வீட்டிலிருந்து கிளம்பினான். அவள் அவன் காலரைத் தடவிச் சரிசெய்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். ரோட்டுப் பக்கம் லாரிக்குப் பின்னால் போய்ச் சாம்பல் நிறத்துக்கு மாறினான். வண்டிக்குள் ஏறி மூடியைச் சாத்திக்கொண்டான்.

உள்ளே இருப்பவனுக்கு உலகம் ஒரு விரல் அகலக் கீற்றுதான். அந்தக் கீற்றில் புல்வெளியும், கயிறும், கயிற்றுக்கு அப்பால் நாற்காலிகளும் வரிசையாக வந்தன. முதல் வரிசையில் அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள், நடுவில் அவள், மடியில் வெள்ளை சிவப்புக் காகிதக் கொடி.

ஒலிபெருக்கியில், "இதோ, ரோட்டுப் பக்கமிருந்து எதிரியின் வண்டி," என்றார்கள். அவன் கிளட்சை விட்டான். இஞ்சின் நாலு சுற்று ஓடி இருமியது.

இருமல் கேட்டதுமே, ஒலிபெருக்கி சொன்னதைக் காதில் வாங்காமல் அம்மா எழுந்து நின்றாள். கொடியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பக்கத்து வரிசைகளைப் பார்த்துத் திரும்பித் திரும்பி ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியாதா? அதுதான் என் பையன், அதுதான் என் பையன். வெள்ளைச் சிலுவை போட்ட வண்டியைக் காட்டி, ஜெர்மன்காரன் வீட்டுக் கிழவி அப்படிச் சொல்கிறாள். ஜனங்கள் சிரித்தார்கள். சத்தம் உள்ளே கேட்கவில்லை, வாய்கள் தெரிந்தன. ஒருவன் முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தான். ஒருத்தி தன் பிள்ளைக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தாள். அம்மாவுக்கு அதெல்லாம் ஆரவாரமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். இன்னும் உயரமாகக் கொடியை ஆட்டினாள்.

புல்வெளி நடுவே போய், அகதிகளாக ஓடுகிற ஊர்க்காரர்களைச் சுட்டு, அப்புறம் மிரெக்கின் குண்டு பட்டுச் சாக வேண்டும் என்பது ஏற்பாடு. லெஷெக் நடுவே போகவில்லை. லீவரை இழுத்து அம்மாவை நோக்கித் திருப்பினான். அவளிடம் சொல்லிவிட வேண்டும், அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும், அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. கயிற்றோரம் நின்ற காவலாட்கள் கையை ஆட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். சிரித்தவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கயிற்றை ஒட்டி நிறுத்தி, இஞ்சினை அணைத்தான். மூடியைத் திறந்து இடுப்பு வரை வெளியே வந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே கை நீட்டுகிற தூரம்தான். அவள் கண் முதலில் சிலுவையில் நின்றது. அப்புறம் மெல்ல ஏறி அவன் சட்டையில் நின்றது.

"ஏம்மா கெர்த்ரூதா," என்றாள் பின்வரிசையிலிருந்து பெலாகியா. நிதானமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உன் பையன்தானே இது? நல்லாப் பாரு. உடுப்பு எடுப்பா இருக்கு."

"அம்மா," என்றான் லெஷெக். "நான்தான். அவங்க என்னை…"

கெர்த்ரூதாவின் முகம் மாறியது. இஞ்சின் சத்தத்தில் நூறு வண்டிக்கு நடுவே கண்டுபிடிக்கிறவளுக்குப் பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமல் போகாது. தெரிந்தது. தெரிந்ததை அவன் பக்கத்திலிருந்து பார்த்தான். அவள் கொடியைக் கீழே இறக்கினாள், முதுகை நிமிர்த்தினாள், பெலாகியா பக்கம் திரும்பினாள்.

"யாரோ சிட்டி ஆளு," என்றாள். "காசு குடுத்துக் கூட்டிட்டு வர்றாங்களே, அந்தக் கூட்டம். என் பையன் தோப்புப் பக்கமிருந்து வருவான். இது ரோட்டுப் பக்கம் வந்த வண்டி."

யாரும் சிரிக்கவில்லை. அவன் யார் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பல் முளைத்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள்.

பெலாகியா எழுந்தாள். தன் நாற்காலி மெத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்வரிசைக்கு வந்து, கெர்த்ரூதாவின் வலது பக்கத்துக் காலி நாற்காலியில் அதைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா," என்றாள். "சிட்டி ஆளுதான். ஊர்க்காரன் எவன் இதைப் போடுவான்?"

இடது பக்க நாற்காலியில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். அம்மா லெஷெக்கைப் பார்க்காமல், கயிற்றைப் பார்த்துச் சொன்னாள். "போப்பா. மறைக்காத."

அவன் உள்ளே இறங்கி மூடியைச் சாத்தினான். பின்வாங்கி, திரும்பி, நடுவே போனான். அகதிகளைச் சுட வேண்டிய இடத்தில் சுட்டான். தோப்பு ஓரத்தில் படுத்திருந்த மிரெக் பெரிய துப்பாக்கியால் சுட்டான். புகைக் குப்பி வெடித்தது. லெஷெக் இருமிக்கொண்டு வெளியே வந்து, சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கினான். மிரெக் எழுந்து வந்து, சொல்லிக்கொடுத்தபடியே, கை தூக்கியவனைச் சுட்டான். லெஷெக் விழுந்தான். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள்.

தேசிய கீதம் முடிகிறவரை பிணங்கள் அசையக் கூடாது என்பது ஸரெம்பாவின் சட்டம். லெஷெக் அசையவில்லை. கன்னம் புல்லில் அழுந்தியிருக்க, முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பெலாகியா தன் சால்வையின் ஒரு முனையை அம்மா தோளில் போட்டாள். யாரோ சூப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்து, கரண்டியையும் விரலில் பிடிக்க வைத்தார்கள். மூன்று பேரும் ஒட்டி நின்று கீதம் பாடினார்கள். நாலு வருஷமாக அவன் என்ன கேட்டானோ அது நடந்துகொண்டிருந்தது. அம்மா மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கீதம் முடிந்ததும் மற்ற பிணங்கள் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு பீர் வாங்கப் போயின. ஸரெம்பா குதிரைமேல் இருந்தபடியே, "கயித்துக்கிட்ட வண்டியை விட்டீங்களே, ஜனங்க நிஜமாவே பயந்துட்டாங்க. அருமை. அடுத்த வருஷமும் நீங்கதான், பான் லெஷெக்," என்று சொல்லிவிட்டுப் போனார். லெஷெக் எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது முதல் வரிசை காலியாக இருந்தது.

"அம்மா எங்கடா?" என்று மிரெக்கைக் கேட்டான்.

"பெலாகியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பிளம்ஸ் கேக் பண்ணியிருக்காளாம்."

"என்னைப் பத்தி எதுவும் சொன்னாங்களா?"

மிரெக் துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். அவன் வாயில் கேலி வராத ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

"தோப்புப் பக்கமிருந்து உன் பையன் வரக் காணோமேன்னு பெலாகியா கேட்டா. இந்த வருஷம் அவன் வரலைன்னுட்டாங்க."